படகோனியப் புல்வெளியில் குவானாக்கோக்களைப் பார்க்கச் செல்கிறேன்: எப்படி அணுக வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: குடியாத்தம் ஓய்வாசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் குடியாத்தத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன். என் மகள் குடும்பத்துடன் சிலி நாட்டின் தலைநகரான சந்தியாகோவில் இருக்கிறாள். வருகிற பொங்கலை ஒட்டி நானும் என் மனைவியும் அங்கே செல்கிறோம். நாட்டின் தென்கோடியில், படகோனியா என்னும் பகுதியில் உள்ள டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வதாக மருமகன் சொல்லியிருக்கிறார். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் வானளாவிய கல் கோபுரங்களையும் பனியாறுகளையும் பார்க்கத்தான் போகிறார்கள் என்று தெரிகிறது. எனக்கோ அங்குள்ள புல்வெளியில் மேயும் குவானாக்கோக்களைப் பார்க்க வேண்டும் என்பதே ஆசை. திமில் இல்லாத இந்த ஒட்டக இனத்தைப் பற்றி வகுப்பில் பலமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒன்றைக்கூட நேரில் கண்டதில்லை.

எனக்குப் பழக்கமானவை நம் பக்கத்து விலங்குகள்தாம். கோடையில் தண்ணீர் தேடி ஜவ்வாது மலை அடிவாரத்துக்கு இறங்கும் புள்ளிமான்களை, மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கோடியக்கரையில் வெளிமான்களையும் தூரத்திலிருந்து பார்த்ததுண்டு. அந்தப் பழக்கம் அங்கே எந்த அளவுக்கு உதவும்? எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்? ஒரு மந்தையைப் பார்த்தால் அதற்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எவற்றைக் கவனிக்க வேண்டும்? வெறுமனே பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவர எனக்கு விருப்பமில்லை. முழங்கால் வலி இருப்பதால் நெடுந்தூரம் மலையேற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: ராணிப்பேட்டை ஒளிப்படக்காரன்

வணக்கம் ஐயா. நான் படகோனியா சென்றதில்லை, ஆனால் வெளிமான்களைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். புல்வெளி விலங்கு எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மங்கிய நிறத்தில் உடை அணியுங்கள். காற்று விலங்கிடமிருந்து உங்களை நோக்கி வீசும்படி நில்லுங்கள். புதர் மறைவிலோ பள்ளத்திலோ பதுங்கி, குனிந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள். விடியற்காலையும் மாலையும்தான் நல்ல நேரம். நண்பகலில் விலங்குகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். அப்போது போய்ப் பயனில்லை.

பதில்: சத்துவாச்சாரி விலங்கியல்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். ஒரு பயிற்சிக்காக அர்ஜென்டினா சென்றபோது அங்குள்ள வறண்ட புல்வெளியில் குவானாக்கோ மந்தைகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ராணிப்பேட்டைத் தம்பி சொன்னவற்றில் உடையும் காற்றின் திசையும் சரி. ஆனால் பதுங்கிச் செல்வது என்ற ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். நம் புதர்க்காட்டில் மானுக்குப் பாதுகாப்பு மறைவில் இருக்கிறது. அது மோப்பத்தையும் செவியையும் பெரிதும் நம்பியிருக்கிறது. படகோனியாவின் புல்வெளியில் மறைவு என்று சொல்லத்தக்க ஒன்று அநேகமாகக் கிடையாது. கொய்ரோன் என்ற விறைப்பான புல், கொத்துக் கொத்தாக முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். ஊடே முட்செடிகள் சில, அவ்வளவுதான். அங்கே குவானாக்கோவைக் காப்பவை அதன் கண்ணும் காலும். அதை வேட்டையாடும் பூமா என்ற பெரும்பூனையோ நெடுந்தூரம் துரத்தக்கூடிய விலங்கு அன்று. செடி மறைவிலும் ஓடைப்பள்ளங்களிலும் வயிறு தரையில் படும்படி ஊர்ந்து, மிக அருகில் வந்த பிறகே பாயும். ஆகவே குனிந்து ஊர்ந்து, ஒரு கணம் தெரிந்து மறுகணம் மறையும் எந்த உருவமும் அந்த மந்தைக்கு எமனாகவே படும். நிமிர்ந்தபடி தொலைவிலிருந்தே கண்ணில் படும்படி நடக்கும் மனிதனைப் பற்றி அவை அவ்வளவு கவலைப்படுவதில்லை; குறிப்பாக, வேட்டை இல்லாத காப்பிடங்களில் அப்படித்தான்.

எனவே வெளிப்படையாகச் செல்லுங்கள். மந்தையை நோக்கி நேராக நடக்காமல், அதைக் கடந்து வேறெங்கோ போவதுபோல் சாய்வாக நடந்து, அடிக்கடி நின்று, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்து உங்களையே பார்த்தால் அதுதான் எல்லை. அங்கிருந்து ஓரடிகூட முன்னே வைக்க வேண்டாம். கணக்காகச் சொல்ல வேண்டுமானால், நூறு மீட்டருக்குக் குறையாத தூரத்தில் அவற்றின் கண்ணெதிரே உட்கார்ந்துவிடுங்கள். நிமிர்ந்த தலைகள் மீண்டும் புல்லுக்குத் தாழ்ந்து, படுத்திருப்பவை அசைபோடத் தொடங்கிய பிறகு நீங்கள் காண்பதுதான் அவற்றின் இயல்பான வாழ்க்கை. அதற்கு முன் கண்டதெல்லாம் உங்களைப் பற்றி அவை கொண்ட ஐயமே.

அடுத்து, மந்தைக்குள் நடப்பதைப் புரிந்துகொள்வது பற்றி. நம் பொங்கல் சமயத்தில் அங்கே கோடை. அப்போது நீங்கள் காணும் கூட்டங்கள் மூன்று வகைப்படும். ஓர் ஆணும் பல பெண்களும் அந்த ஆண்டுக் குட்டிகளும் கொண்ட குடும்ப மந்தை ஒன்று. இடமும் துணையும் இல்லாத இளம் ஆண்களின் கூட்டம் மற்றொன்று. தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துவிட்டுப் பெண்களுக்காகக் காத்திருக்கும் தனி ஆண் மூன்றாவது. தோற்றத்தை வைத்து ஆணையும் பெண்ணையும் தூரத்திலிருந்து பிரித்தறிவது கடினம். இரண்டுக்கும் அதே செம்பழுப்பு முதுகு, வெண்மையான வயிறு, சாம்பல் நிற முகம்; கொம்பும் இல்லை. நடத்தையை வைத்துத்தான் அறிய வேண்டும். மேட்டின்மேல் தனியாக நிற்பது யார், அயலான் வந்தால் எதிரே போவது யார், மந்தை ஓடும்போது எல்லோருக்கும் பின்னால் ஓடுவது யார் என்று பாருங்கள். அதுவே தலைவனான ஆண்.

ஆண் தன் எல்லையில் குறிப்பிட்ட சில இடங்களில்தான் புழுக்கை போடும். மற்றவையும் அங்கேயே போடும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து சில மீட்டர் அகலத்துக்குப் பரந்த புழுக்கை மேடுகளை நான் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தவரை ஓர் ஆண் அங்கே வந்ததும் முதலில் தலையைத் தாழ்த்தி மோந்தது, முன்னங்காலால் இரண்டு முறை கிளறியது, பிறகு மெல்லத் திரும்பி நின்று, பின்னங்கால்களைச் சற்று மடக்கித் தன் பங்கையும் சேர்த்துவிட்டுப் போனது. அப்படி ஒரு மேடு கண்ணில் பட்டால் அதைப் பார்த்தபடி தொலைவில் உட்காருங்கள். மந்தையைத் தேடி அலைவதைவிட அதில் பலன் அதிகம். அருகிலேயே புல் இல்லாத புழுதித் திட்டுகளும் இருக்கும். அவை புரளுவதற்கான இடங்கள்.

காதும் வாலும் கழுத்தும் பேசும் பேச்சையும் கற்றுக்கொள்ளுங்கள். காதுகளைப் பின்னால் மடித்து மூக்கை உயர்த்தினால் மிரட்டல்; அடுத்தது எச்சில் உமிழ்தலாக இருக்கலாம். கழுத்தைத் தாழ்த்தி, உடலைக் குறுக்கி, வாலை முதுகின்மேல் வளைத்தால் பணிவு. முந்தைய ஆண்டுக் குட்டிகள் தலைவன் முன் இப்படிப் பணிந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். சில காலம் அந்தப் பணிவு பலிக்கும். பிறகு எவ்வளவு பணிந்தாலும் ஆண் அவற்றைத் துரத்திவிடும். ஆண்களுக்குள் சண்டை மூண்டால் மார்போடு மார்பு மோதி, கழுத்தால் கழுத்தை அழுத்தி, எதிரியின் கால்களைக் கடிக்கப் பார்க்கும். சண்டையைவிட அதன் பின் வரும் துரத்தல்தான் நீளமானது. குவானாக்கோ மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது என்பது அப்போதுதான் விளங்கும்.

தம்பி நண்பகலை ஒதுக்கச் சொல்லியிருக்கிறார். குவானாக்கோவைப் பொறுத்தவரை அதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அவை பகலில் இயங்கும் விலங்குகள். அங்கே நண்பகல் வெயில் நம் வேலூர் வெயிலைப்போல் விலங்கை நிழலுக்கு விரட்டுவதும் இல்லை. மேலும், குட்டி ஈனுவது பெரும்பாலும் முற்பகலுக்கும் பிற்பகல் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட கதகதப்பான நேரத்தில்தான். ஏன் என்பது சுவையானது. பசுவும் ஆடும் ஈன்றவுடன் கன்றை நக்கித் துவட்டுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒட்டகக் குடும்பத்து விலங்குகள் குட்டியை நக்குவதில்லை, நஞ்சுக்கொடியையும் தின்பதில்லை. தாய் மூக்கால் தொட்டு மோந்து பார்ப்பதோடு சரி. ஈரத்தோடு விழுந்த குட்டி வெயிலிலும் காற்றிலும்தான் உலர வேண்டும். சாயங்காலம் பிறந்தால் உலர்வதற்குள் குளிர் வந்துவிடும். சுலெங்கோ என்று அழைக்கப்படும் அந்தக் குட்டி சிறிது நேரத்திலேயே எழுந்து நின்று, தாயின் பின்னால் நடக்கத் தொடங்கிவிடும். புள்ளிமான் தன் குட்டியைப் புதரில் ஒளித்துவைக்கும் வழக்கம் இங்கே இல்லை. ஒளித்துவைக்கப் புதர் வேண்டுமே.

நீங்கள் செல்லும் பொங்கல் காலத்தில் பெரும்பாலான குட்டிகள் பிறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதங்கள் என்பதால், ஈன்ற சில வாரங்களிலேயே பெண்கள் மறுபடி இணை சேரும். ஆகவே குட்டிகளின் விளையாட்டு, இணைசேர்தல், எல்லைச் சண்டை, மூத்த குட்டிகளை விரட்டுதல் ஆகிய அனைத்தும் ஒரே பருவத்தில் நடக்கும். இதைவிடப் பொருத்தமான மாதத்தை நீங்கள் தேடினாலும் கிடைத்திருக்காது.

குடியாத்தம் ஓய்வாசிரியர்

அம்மா, மிக்க நன்றி. புதர்க்காட்டுப் பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோகக் கூடாது என்பது தெளிவாகிவிட்டது. இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. முதலாவது, பூமா இருக்கும் இடத்தில் இப்படித் திறந்தவெளியில் உட்காருவது பாதுகாப்பானதா? என் மனைவி இதைத்தான் முதலில் கேட்டாள். இரண்டாவது, புறப்படுவதற்கு முன் இங்கேயே ஏதேனும் பயிற்சி எடுத்துக்கொள்ள முடியுமா?

பதில்: சத்துவாச்சாரி விலங்கியல்

இரண்டாவதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். முதலாவதற்கு அங்கேயே வசிப்பவர்கள் பதில் சொல்வது நல்லது.

பயிற்சிக்கு அமிர்தி பூங்காவில் வேலிக்குள் உள்ள மான்கள் போதா. அவை மனிதர்களைப் பார்த்துச் சலித்தவை. பாலாற்று மணற்பரப்புக்குப் போங்கள். வறண்ட ஆற்றில் ஆட்டு மந்தை மேயும் இடத்தில், மேய்ப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கரையில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மந்தையை இடமிருந்து வலமாக ஒரே வீச்சில் பார்த்து, மேய்பவை எத்தனை, படுத்திருப்பவை எத்தனை, தலை நிமிர்ந்து பார்ப்பவை எத்தனை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் எதுவும் எழுதாதீர்கள். ஒரு மணி நேரம் இப்படிச் செய்தால், நாய் ஒன்று கரையில் ஏறியபோது நிமிர்ந்த தலைகளின் எண்ணிக்கை எப்படி மாறியது என்பதை உங்கள் தாளே காட்டிவிடும். அதே முறையைக் குவானாக்கோவிடம் பயன்படுத்துங்கள். கூடவே ஒரே ஒரு விலங்கைத் தேர்ந்து, அரை மணி நேரம் அதை மட்டும் தொடர்ந்து பார்த்து எழுதும் முறையையும் பழகிக்கொள்ளுங்கள். கண் எப்போதும் ஓடும் விலங்கின் பின்னாலேயே போகும். சும்மா நிற்கும் விலங்கைப் பார்க்க அதைப் பழக்க வேண்டியிருக்கிறது.

பதில்: ஆற்காட்டான், சந்தியாகோ

வணக்கம் ஐயா. சொந்த ஊர் ஆற்காடு. வேலை நிமித்தம் சந்தியாகோவில் குடியேறியவன். கோடை விடுமுறையில் தெற்கே போவது எங்கள் வீட்டு வழக்கம். விலங்கியல் அம்மா சொன்னதெல்லாம் சரி. அதில் நான் ஒன்றே ஒன்று சேர்க்க விரும்புகிறேன்: டோரஸ் டெல் பைனேவில் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகி நடக்க நம் விருப்பம்போல் அனுமதி இல்லை. ஆகவே அவர் சொன்ன "சாய்வாக நடப்பது" என்பதைச் சாலை ஓரத்திலும் பாதையின் மீதுமே கடைப்பிடியுங்கள். அது குறையாகவே தெரியாது, ஏனென்றால் குவானாக்கோக்களே சாலைக்கு வந்துவிடுகின்றன.

உங்கள் முழங்காலுக்கு ஏற்ற இடம் பூங்காவின் கிழக்குப் பகுதி. லகுனா அமார்கா நுழைவாயிலிலிருந்து லகுனா அசூல் ஏரியை நோக்கிச் செல்லும் சரளைச் சாலையின் இருபுறமும் புல்மேடுகள்தாம். மேற்கே மலையும் காடும் பனியும். கிழக்கே மழை குறைந்து புல்வெளி விரிகிறது. நடையாளர் கூட்டமெல்லாம் மேற்கே போய்விடும். வண்டியை ஒதுங்கலான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்தாலே போதும். வண்டியை அவை பொருட்படுத்துவதில்லை. உப்பும் காரத்தன்மையும் கொண்ட லகுனா அமார்கா ஏரியில் சில சமயம் பூநாரைகளும் நிற்கும். ஜனவரியில் காலை ஆறு மணிக்கு முன்பே விடிந்து, இரவு பத்து மணியை நெருங்கும் வரை வெளிச்சம் இருக்கும். அதனால் அவசரப்பட வேண்டியதே இல்லை. நடுவில் அறைக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டும் வரலாம்.

பூமாவைப் பற்றி உங்கள் மனைவியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அந்தக் கிழக்குப் பகுதியில் பூமாக்கள் கணிசமாக உண்டு; அதைப் பார்ப்பதற்கென்றே உரிமம் பெற்ற வழிகாட்டிகளோடு ஆட்கள் வருகிறார்கள். மனிதரைத் தாக்குவது மிக அரிது. ஆயினும் விடியலிலும் அந்தியிலும் தனியாக நடக்க வேண்டாம். எதிர்ப்பட்டால் ஓடாமல், முதுகு காட்டாமல், நிமிர்ந்து நின்று, உருவத்தைப் பெரிதாகக் காட்டியபடி மெல்லப் பின்வாங்க வேண்டும். உங்களுக்குக் காவலாளி குவானாக்கோதான். ஆபத்தைக் கண்டால் கனைப்பும் சிரிப்பும் கலந்ததுபோன்ற கூர்மையான நடுங்கும் குரலை அது எழுப்பும். முதல் முறை கேட்பவர் அதை ஏதோ பறவையின் குரல் என்றே எண்ணுவார். அந்தக் குரல் கேட்டவுடன் கத்திய விலங்கைப் பார்க்காதீர்கள். அதன் முகமும் இரு காதுகளும் எந்தத் திசையில் குத்திட்டு நிற்கின்றனவோ அந்தத் திசையில் பைனாகுலரைத் திருப்புங்கள். வழிகாட்டிகள் பூமாவைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். பல விலங்குகள் ஒரே இடத்தை முறைத்தபடி அந்தக் குரலைத் தொடர்ந்தால், அங்கே புல்லுக்குள் ஏதோ இருக்கிறது என்று கொள்ளலாம். வானில் காண்டார் கழுகுகள் ஓரிடத்தைச் சுற்றினால் அதன் கீழே பூமா விட்டுப்போன இரை கிடக்கக்கூடும். அதன் அருகே போகவே கூடாது.

இவ்வளவு சொல்லிவிட்டுக் காற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் குற்றம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள் நம்மூரில். அங்கே கோடை முழுவதும் ஆடிதான். வீசுகிற சில நாள்களில் காரின் கதவைத் திறக்கும்போது கையால் பிடித்துக்கொள்ளாவிட்டால் கதவு மடங்கிவிடும். வெப்பநிலை பகலில் 15 டிகிரி என்று காட்டினாலும் உடம்புக்கு அப்படித் தெரியாது. ஸ்வெட்டரைவிடக் காற்றுப் புகாத மேலாடைதான் முக்கியம். குறிப்பேட்டில் தாள்கள் பறக்காமல் இருக்க ரப்பர் பட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: ராணிப்பேட்டை ஒளிப்படக்காரன்

விளக்கம் நன்று. அந்தக் காற்றில் முக்காலி நிற்குமா அண்ணா? ஐயா கூடவே படமும் எடுக்க நினைத்தால் என்ன கொண்டுபோகலாம்?

பதில்: ஆற்காட்டான், சந்தியாகோ

உயரமாக விரித்த முக்காலி நிற்காது தம்பி. பயறு நிரப்பிய துணிப்பை ஒன்றைக் காரின் சன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்வதே நான் கண்ட நல்ல வழி. பயறு, அரிசி போன்ற தானியங்களை இந்தியாவிலிருந்து கொண்டுவராதீர்கள்; சிலியின் விமான நிலையத்தில் விளைபொருள் சோதனை மிகக் கடுமையானது. வெறும் பையைக் கொண்டுவந்து இங்கே கடையில் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். பார்ப்பதற்கு எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும்; அதைவிடப் பெரிதாக்கினால் காற்றில் கை நடுங்கிப் படம் ஆடும்.

ஐயாவுக்கு இன்னொன்று. குவானாக்கோக்களைப் பூங்காவில்தான் காண வேண்டும் என்பதில்லை. புந்தா அரேனாஸ் நகரில் இறங்கிப் புவெர்த்தோ நத்தாலெஸ் ஊருக்குச் செல்லும் சுமார் 250 கிலோமீட்டர் சாலை முழுவதும் செம்மறிப் பண்ணைகளும் கம்பி வேலிகளும் இருக்கும். 1870களின் இறுதியில் ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து செம்மறிகளைக் கொண்டுவந்து இறக்கியதிலிருந்துதான் இந்த நிலத்தின் போக்கே மாறியது. புல்லுக்குப் போட்டி என்று பண்ணைக்காரர்கள் குவானாக்கோவை வெறுத்தார்கள். அந்தப் பூசல் இன்றும் முழுதாகத் தீரவில்லை. செம்மறியின் குளம்பு மண்ணைக் கிளறும் அளவுக்குக் குவானாக்கோவின் மெத்தென்ற இருவிரல் பாதம் கிளறுவதில்லை என்பதைப் பண்ணைக்காரரிடம் சொல்லி வாதாட வேண்டாம். அவருக்கு அவர் ஆடு முக்கியம். வேலியை ஒட்டி ஒரு மந்தை நின்றால் வண்டியை நிறுத்திப் பாருங்கள். பெரியவை நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடும். குட்டிகள் வேலியோரமாக முன்னும் பின்னும் ஓடித் தவிக்கும். கம்பியில் கால் சிக்கி மாண்டவையும் கண்ணில் படலாம். அந்த நேரத்தில் வண்டியை நெருங்கச் செய்தால் தாய் ஒருபுறமும் குட்டி மறுபுறமுமாகிவிடும். எனவே முன்கூட்டியே தொலைவில் நிறுத்துங்கள். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று மருமகனிடம் சொல்லிவையுங்கள். அவை திடீரென்று குறுக்கே பாயும்.

பூங்காவுக்குள் எங்கேயும் தீ மூட்டத் தடை உண்டு. 2011 டிசம்பர் இறுதியில் ஒரு பயணியின் கவனக்குறைவால் மூண்ட தீயில் சுமார் 17,000 ஹெக்டேர் எரிந்தது. அதன் பிறகு காவலர்கள் இதில் யாரையும் விடுவதில்லை. காப்பியைப் பிளாஸ்கில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பெட்ரோல் பங்க் கிடையாது. புவெர்த்தோ நத்தாலெஸிலிருந்து நுழைவாயிலுக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் என்பதால், ஊரை விட்டுக் கிளம்பும் முன் டாங்கியை நிரப்பிக்கொண்டு செல்லுங்கள்.